மருந்தின் மர்மம்

தாயில்பட்டி, சிவகாசி வட்டாரத்தில் பட்டாசுக் கலவைக்கு 'மருந்து' என்று பெயர். அதைக் கலந்து அடைக்கும் தொழிலாளிக்கு அதிலுள்ளது இன்னதென்று யாரும் சொல்லுவதில்லை. ரசாயனம் படித்துக் கலவை வகுத்துக்கொடுக்கும் நிபுணருக்கோ நன்றாய்த் தெரியும்.

பேரியம் உப்புகளைச் சேர்க்கலாகாதென்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தடுத்தது. பச்சை ஒளி கொடுக்கும் பேரியம் நைட்ரேட்டு, வயிற்றில் சேர்ந்தால் தசையையும் இருதயத்தையும் கெடுக்கும் விஷமாகும். தடை நடக்கின்றதா என்று பார்க்க 2020-ல் கோர்ட்டு சி.பி.ஐ.யை ஏவிற்று. மாதிரி எடுத்துச் சோதித்ததில் பல கம்பெனிச் சரக்குகளில் பேரியம் இருந்தது. மேலே ஒட்டிய சீட்டு வேறு கதை சொல்லிற்று! 2021-ல் கோர்ட்டே இதைக் கண்டித்தது.

அதே 2021 ஜூனில் தாயில்பட்டியில் ஒரு வீட்டில் பட்டாசு செய்கையில் வெடித்து உயிர்கள் போயின. இப்படி வெடித்தால் நம்மவர் தலைவிதி என்கின்றார்கள். ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் நறுக்குகின்றார்கள். மருந்துக்கு எலுமிச்சம்பழம் தெரியுமா? அதற்குத் தெரிந்ததெல்லாம் உராய்வும் உஷ்ணமுந்தான்.

வேதத்தைச் சூத்திரன் காதால் கேட்கலாகாதென்று மறைத்த புரோகிதனுக்கும், கலவையைத் தொழிலாளி அறியலாகாதென்று மறைக்கும் நிபுணருக்கும் என்ன வித்தியாசமென்று கேட்கின்றோம். தொழில் ரகசியம் என்பார்கள். சோதனைச்சாலைக்காரன் ஒரு சிட்டிகையில் கண்டுவிட்டது இனி யாருக்கு ரகசியம்? ஒவ்வொரு கலவை அறை வாசலிலும் இன்ன உப்பு, இத்தனை பங்கு, இன்னது பட்டால் வெடிக்கும் என்று தமிழில் எழுதித் தொங்கவிடட்டும்.