மருந்தின் நான்காம் கூறு

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் நிறைவுக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உழைச்செல்வான் என்பன அவை. நோயாளியின் பக்கத்திலிருந்து பணி செய்பவரே உழைச்செல்வான். மருத்துவர்க்கு ஒரு பங்கு தந்த வள்ளுவர் இவருக்கும் ஒரு பங்கு தந்தார். உரையாசிரியர் பரிமேலழகர் இவருக்கு வேண்டிய இயல்புகளையும் நான்காக எண்ணினார்: நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறே செய்யும் வன்மை, அறிவு. முதல் மூன்றையும் செவிலியரிடம் தவறாது எதிர்பார்க்கும் நம் சமூகம், நான்காவதாகிய அறிவை அவர்க்கு முழுமையாக வழங்கத் தயங்குகிறது. நம் மேல்நிலைப் பள்ளிகளில் செவிலியத் தொழிற்கல்வி பெற்றிருக்கும் இடமே இதற்குச் சான்று.

தொழிற்கல்வியைப் பள்ளிக் கல்வியோடு இணைக்க வேண்டுமெனக் கோத்தாரி கல்விக்குழு 1966இல் தன் அறிக்கையில் வற்புறுத்தியது. வேலூரில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகத் திகழ்ந்த மால்கம் ஆதிசேசையாவின் தலைமையிலமைந்த குழுவும் 1978இல் மேல்நிலைக் கல்வியை ஆராய்ந்து அக்கருத்தையே வலியுறுத்தியது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகள் தோன்றியபோது பொதுப்பிரிவோடு தொழிற்பிரிவும் உடன் பிறந்தது. செவிலியம் அத்தொழிற்பிரிவின் பாடங்களுள் ஒன்று. உடலமைப்பு, முதலுதவி, தாய்சேய் நலம், சமூக நலம் ஆகியவற்றை ஏட்டில் கற்பதோடு செய்முறையிலும் பயில்வதே இதன் இயல்பு.

"நோயாளியைப் பார்த்துக்கொள்வதற்கு ஒரு படிப்பா?" என்று கேட்போர் உளர். எழ இயலாது கிடக்கும் முதியவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் புரட்டிப் படுக்க வைக்காவிடில் படுக்கைப் புண் தோன்றும் என்பது அன்பினால் மட்டும் தெரிவதன்று. பக்கவாதமுற்றவரைப் படுக்க வைத்தவாறே உணவூட்டினால் அது மூச்சுக்குழாயில் இறங்கக்கூடும் என்பதும், நீரிழிவு நோயாளி திடீரென வியர்த்து நடுங்கினால் சர்க்கரை குறைந்திருக்கலாம் என்று ஐயுற வேண்டும் என்பதும் கற்றறிய வேண்டியவை. அறியாத அன்பு சில வேளைகளில் உயிருக்கே கேடாய் முடியும்.

இவ்வறிவின் தேவை நாளுக்கு நாள் பெருகி வருகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். கூட்டுக் குடும்பம் சுருங்கிவிட்டது. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழ்கின்றனர். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீடு தேடிச் சென்று கண்டறிவதோடு, படுக்கையில் கிடப்போர்க்கு வலிதணிப்புச் சிகிச்சையையும் கொண்டு சேர்க்க முற்பட்டது. இனி மருத்துவமனையின் சுவருக்குள் மட்டுமன்றி, ஒவ்வொரு தெருவிலும் உழைச்செல்வார் வேண்டும் என்பதை இத்திட்டம் உணர்த்துகிறது.

இத்துணைத் தேவை இருந்தும் இப்படிப்பைக் குறைந்த மதிப்பெண் பெற்றோரின் புகலிடமாகவே பலரும் கருதுகின்றனர். அதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. நான்காண்டு நர்சிங் பட்டப்படிப்பில் சேர மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் பயின்றிருக்க வேண்டும் என்பது விதி. தொழிற்பிரிவில் செவிலியம் கற்ற மாணவிக்கு முதலிரண்டும் பாடமாக அமைவதில்லை. விளைவு என்ன? இரண்டாண்டுகள் செவிலியம் கற்றவள் செவிலியப் பட்டப்படிப்பின் வாயிலில் நிறுத்தப்படுகிறாள். செவிலியமே கல்லாதவர் உள்ளே செல்கின்றனர். மேல்நிலைச் சான்றிதழ் மட்டும் அவளைப் பதிவு பெற்ற செவிலியராக்குவதும் இல்லை. மேற்கொண்டு படிக்க வழியோ வசதியோ அற்றவள், சிறு மருத்துவமனையொன்றில் உதவியாளராகக் குறைந்த ஊதியத்தில் அமர்ந்துவிடுகிறாள். வேலூரில் 1946இலேயே செவிலியப் பட்டப்படிப்பைக் கண்ட தமிழ்நாட்டில் இம்முரண் நீடிக்கலாமா?

அறிவியல் அடிப்படை இன்றிப் பட்டப்படிப்பில் சேர்த்தால் தரம் தாழும் என்பர். இவ்வாதத்தை நாமும் மதிக்கிறோம். மருந்தின் அளவைக் கணக்கிடவும் உடலின் இயக்கத்தை உணரவும் அறிவியல் வேண்டும். ஆயின் அதற்குரிய வழி கதவடைப்பதன்று. தொழிற்பிரிவு மாணவர் இயற்பியலையும் வேதியியலையும் கூடுதலாகப் பயில வாய்ப்பளிக்கலாம். மேல்நிலை முடித்தபின் இணைப்புப் பாடமொன்றை நடத்தித் தேர்வும் வைக்கலாம். தேறியவரைச் சேர்த்துக்கொண்டால் தரமும் தாழாது. நோயாளியின் படுக்கையருகே முன்னரே நின்று பழகியவர் வருவதனால் கல்லூரியும் பயன்பெறும்.

விதி மாறினால் மட்டும் போதாது. நம் மனமும் மாற வேண்டும். இப்படிப்பு பெண்களுக்கே உரியது என்னும் எண்ணம் ஏன்? விபத்தில் அடிபட்டுக் கிடக்கும் இளைஞரையும் நடமாட்டமற்ற தந்தையரையும் தூக்கி அமர்த்தவும் குளிப்பாட்டவும் ஆண்களும் பயில வேண்டாமா?

தமிழாசிரியராகிய நமக்கும் இதில் பங்குண்டு. "நெஞ்சு அடைக்கிறது", "நெஞ்சு கரிக்கிறது", "மூச்சு வாங்குகிறது", "கால் மரத்துப் போகிறது" என்று நோயாளி தம் துன்பத்தைத் தாய்மொழியிலேயே உரைக்கிறார். இவற்றிடையேயுள்ள வேறுபாட்டை உணர்ந்து மருத்துவரிடம் பிழையின்றி எடுத்துரைப்பவர் பக்கத்திலிருப்பவரே. கேட்கவும் கேட்டதைத் தெளிவுற எழுதவும் கற்பிக்கும் மொழிப்பாடம் தொழிற்பிரிவு மாணவர்க்கு வெறும் தேர்வுப் பாடமாகக் குறுகிவிடலாகாது. மனமொழிமெய்களின் தூய்மையை வேண்டிய உரையாசிரியர் அவற்றுள் மொழியையும் சேர்த்தே எண்ணினார்.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பொறுப்பிலுள்ள பள்ளிகளில் இப்பாடம் இல்லையெனில் கொண்டுவர முயலுங்கள்; பயில்வோர் மேற்படிப்புக்கு உதவித்தொகை அளியுங்கள்; பட்டப்படிப்பின் கதவு திறக்க அரசிடம் குரல் கொடுங்கள். மாணவச் செல்வங்களே! இதனைத் தாழ்ந்த படிப்பென எவரேனும் கூறின் தலைகுனியாதீர். நாம் ஒவ்வொருவரும் ஒருநாள் பிறர் கையை எதிர்நோக்கிப் படுக்கையில் கிடக்க நேரும். அன்று நம்மைத் தாங்கும் கை கற்ற கையாக இருத்தல் வேண்டும்.