அஞ்சறைப் பெட்டி: ஓமம்

மாற்றல் உத்தரவு பெற்று வடநாட்டில் குடியேறும் நம்மவர், புளியையும் சாம்பார்ப் பொடியையும் ஊரிலிருந்தே கொணர்கின்றனர். ஓமத்தைச் சுமந்து வர வேண்டுவதில்லை. இந்நாட்டில் அது மிகுதியாக விளைவது இராஜஸ்தானத்திலும் குஜராத்திலுமேயாம். மளிகைக் கடையில் 'அஜ்வாயின்' என்று கேட்டால் கிடைக்கும்.

சீரகம், சோம்பு, கொத்தமல்லி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது ஓமம். அதன் மணத்திற்கும் காரத்திற்கும் காரணம் 'தைமால்' என்னும் பொருள். கிருமிகளை ஒடுக்கும் இயல்புடைய இது, வாய் கொப்பளிக்கும் மருந்துகளிலும் சேர்க்கப்படுகிறது.

நாம் ஓமத்தைத் தேடுவது பெரும்பாலும் ஓமப்பொடிக்கும் வயிற்று மந்தத்திற்குமே. வடநாட்டாரோ பூரி மாவிலும் பரோட்டா மாவிலும் அதனைத் தூவுகின்றனர்; சேப்பங்கிழங்கை ஓமமிட்டே தாளிக்கின்றனர். கிழங்கும் பருப்பும் உண்டபின் வயிறு உப்பாதிருக்க நாம் பெருங்காயத்தை நம்புவது போன்றதே இது. நாமும் கைக்கொள்ளத்தக்க முறை.

ஓமப்பொடி பிழியும் சகோதரிகளுக்கு ஒரு சொல்: ஓமத்தை ஊறவைத்து அரைத்து, துணியில் வடித்த நீரைக் கொண்டே மாவு பிசைக. திப்பி கலந்தால் அச்சின் கண்கள் அடைபடும்.

இனி எச்சரிக்கை இரண்டு. மருந்துச் சரக்குக் கடைகளில் 'குராசானி அஜ்வாயின்' என்றொரு விதை உண்டு. நம் நாட்டு மருந்துக் கடைகளில் குரோசாணி ஓமம் எனப்படுவது அதுவே. பெயரால் ஓமம், இனத்தால் ஊமத்தைக்கு உறவு. மயக்கமும் பிதற்றலும் விளைக்கும் நஞ்சுடையது. இந்தி அரைகுறையாக அறிந்தோர் 'அஜ்வாயின்' என்னும் சொல் காதில் விழுந்தவுடன் பொட்டலத்தை வாங்கிவிடலாகாது. சமையலுக்கு என்று சொல்லி, மளிகைக் கடையிலேயே வாங்குக. விரலிடைக் கசக்கினால் ஓமத்தின் மணம் எழ வேண்டும், எழாவிடின் வேண்டா.

மற்றொன்று குழந்தைகளைப் பற்றியது. பச்சிளங் குழந்தை அழுதால் ஓமத்தண்ணீர் புகட்டுமாறு ஊரிலிருந்து பாட்டிமார் தொலைபேசியில் கூறுவர். அவர்கள் அன்பை மதிப்போம். ஆயினும் ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பாலன்றித் தண்ணீரும் கொடுக்க வேண்டா என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

வளர்ந்த குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால், உடல் இழந்த நீரையும் உப்பையும் ஓமம் ஈடு செய்யாது. மருந்துக் கடையில் கிடைக்கும் உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். அது கிட்டாதபோது, கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகப் புகட்டுக. கண்கள் குழிந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்க. அங்கே மொழி தெரியாது என்று தயங்க வேண்டா. 'தஸ்த்' என்ற ஒரு சொல்லே வயிற்றுப்போக்கு என்பதை விளக்கிவிடும்.

ஓமம் பெட்டியில் இருக்கட்டும். மருத்துவமனைக்குச் செல்லும் வழியும் நினைவில் இருக்கட்டும்.