இரும்புப் பெட்டியில் ஒரு கடிதம்

எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் ஓர் அம்மாள் சென்ற வாரம் என்னைத் தேடி வந்தார். முந்தானைக்குள்ளிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து நீட்டினார்.

அவர் கணவர் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். வலிப்பு நோய் கண்டு, 2022-ல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். 'ஊனம் நூற்றுக்கு 20. ஆனால் இது உடல்வாகினால் வந்த நோய், சேவையால் வந்ததல்ல. ஆகவே ஊனப் பென்ஷன் கிடையாது.' இதுதான் கடிதத்தின் சாராம்சம்.

"கடைத்தெருவுக்குக்கூட அவரைத் தனியே அனுப்பப் பயமாயிருக்கிறது, தம்பி. டாக்டர்களே எழுதிவிட்டார்கள். பெட்டியில் போட்டுப் பூட்ட வேண்டியதுதானே?" என்றார்.

"பூட்டாதீர்கள்!" என்றேன். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

தரம்வீர் சிங் என்ற சிப்பாய் 1985-ல் ராணுவத்தில் சேர்ந்தார். 1994-ல் இதே வலிப்பு, இதே 20 சதவிகிதம், இதே பதில். அவர் விடவில்லை. ஹைகோர்ட்டில் முதலில் ஜயித்தார். மேல் விசாரணையில் தோற்றார். 2013-ல் சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், நல்ல உடம்போடு வந்தவர் என்றே கொள்ள வேண்டும்; நோய் சேவையால் வந்ததல்ல என்று நிரூபிப்பது சர்க்காரின் பொறுப்பு; சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கே; வைத்தியக் குழு வெறுமனே 'இல்லை' என்றால் போதாது, காரணம் காட்ட வேண்டும் என்றது.

2014-ல் இன்னொரு தீர்ப்பு, 50-க்குக் குறைந்த ஊனத்தை 50 சதவிகிதமாகவே கணக்கிடும் சலுகை, நோயால் விலக்கப்பட்டவர்களுக்கு மட்டுமின்றி, சேவைக்காலம் முடிந்து ஊனத்தோடு ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்றது.

ஆகவே, முதல் அப்பீல், அது பலிக்காவிட்டால் இரண்டாவது அப்பீல். அதற்கும் மேலே, 2007-ம் வருஷச் சட்டப்படி அமைந்த ராணுவத் தீர்ப்பாயம். அதன் கிளை சென்னையிலேயே இருக்கிறது. வைத்தியக் குழுவின் அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு வாங்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் யோசனை கேட்கலாம். கெடு தாண்டியிருந்தால், தாமதத்தின் காரணத்தையும் எழுத வேண்டும். 2023-ல் புது விதிகள் வந்திருக்கின்றன. அதன் பின் விலகியவர்கள் அவற்றையும் பார்க்க வேண்டும்.

"சேர்ந்தபோது உடம்பு நன்றாக இருந்ததற்குக் காகிதம் உண்டா?" என்று கேட்டேன்.

அம்மாள் சற்று யோசித்தார்.

"அதுவும் அந்தப் பெட்டியில்தான் கிடக்கிறது, தம்பி" என்று எழுந்தார்.