ஒதுங்காதே, மகளே!

"ஒதுங்கிப் போ!"

இப்படிச் சொல்லித்தான் நம் பெண்களை வளர்க்கிறோம். தெருவில் நாலு பேர் எதிரே வந்தால் ஒதுங்க வேண்டும். பஸ்சில் யாராவது இடித்தால் நகர்ந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பெண் கல்லூரிக்குப் போகிறாள். கூடைப்பந்து அணியில் சேருகிறாள். அங்கே பயிற்சியாளர் சொல்கிறார்: "ஒதுங்காதே! நில்!"

பாவம், அவள் என்ன செய்வாள்?

கல்லூரிப் பெண்களின் ஆட்டத்தில் இரண்டு குறைகளைச் சொல்வது உண்டு. பந்தைத் தட்டிக்கொண்டு கூடையை நோக்கிப் பாயத் தயங்குகிறார்கள். எதிரி பாய்ந்து வந்தால் விலகிவிடுகிறார்கள். தூரத்தில் நின்று எறிந்தால் போதும் என்று நினைக்கிறார்கள்.

ஆனால், கூடை இருப்பது 10 அடி உயரத்தில். பந்து கைக்கு வந்தால் 24 வினாடிக்குள் எறிய வேண்டும். கிட்டே போகிறவளுக்குத்தான் பந்து எளிதில் விழும்.

பாய்வதற்குப் பழக்கம் வேண்டும். கை பந்தைத் தட்ட வேண்டும்; கண் முன்னால் பார்க்க வேண்டும். வலக்கை, இடக்கை இரண்டும் பழக வேண்டும்.

தடுப்பதும் அப்படித்தான். முழங்காலை மடக்கி நின்று, எதிரியின் இடுப்பைக் கவனிக்க வேண்டும். கண் ஏமாற்றும், கை ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது! முன்கூட்டியே சரியான இடத்தில் நின்றுவிட்டவள் மீது எதிரி மோதினால், தப்பு மோதியவள் மீதுதான். உறுதியாக நிற்பவள் பக்கமே சட்டம் இருக்கிறது!

இந்தத் தயக்கம் நம் ஊரில் மட்டும் இருந்தது அல்ல. அமெரிக்காவில் 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே சென்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதைக் கல்லூரிப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் பெண்களுக்கு ஆட்டக் களத்தை மூன்றாகப் பிரித்தார்கள். கோட்டைத் தாண்டக் கூடாது, மூன்று தடவைக்கு மேல் பந்தைத் தட்டக் கூடாது, பறிக்கவும் கூடாது. அப்புறம் எப்படிப் பாய்வது? எப்படித் தடுப்பது?

அங்கே கல்லூரிப் பெண்கள் அணிக்கு ஐந்து பேராகக் களம் முழுவதும் ஓடி ஆடும் விதி வந்தது 1971-ல்தான். 1976-ல் ஒலிம்பிக்கிலும் பெண்கள் ஆட்டம் சேர்ந்தது. கோடு அழிந்தது; கால் ஓடியது!

நம் சென்னைப் பெண் அனிதா பால்துரை இந்திய அணிக்கே தலைமை தாங்கினார். தாயான பிறகும் களத்துக்குத் திரும்பினார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

திருப்பூர்த் தாய்மார்களே! தந்தைமார்களே! பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்து மகளைப் படிக்க வைக்கிறீர்கள். அவள் நேரத்தோடு வந்தால் அடுப்பு வேலை நடக்கும். உங்கள் கஷ்டம் தெரிகிறது. ஆனாலும் பயிற்சிக்குத் தினம் ஒரு மணி நேரம் விட்டுக்கொடுங்கள். வீட்டு வேலையில் தம்பியும் பங்கு எடுக்கட்டும்.

கல்லூரிகள், அந்தப் பெண்கள் இருட்டுமுன் பத்திரமாக வீடு சேர வழி செய்ய வேண்டும். முதலாளிமார்களே! நாடு நாடாகச் சட்டை அனுப்புகிறீர்கள். உள்ளூர்ப் பெண்கள் அணிக்கு நல்ல ஷூ வாங்கித் தரக் கூடாதா?

ஆட்டத்தில் தோற்றாலும் பரவாயில்லை. தன் இடத்தில் ஊன்றி நிற்கப் பழகிய பெண், நாளைக்குக் கம்பெனியிலும், பஸ்சிலும், வாழ்க்கையிலும் ஊன்றி நிற்பாள்.

இனி, வாசலில் நின்று மகளிடம் சொல்லுங்கள்: "ஒதுங்காதே!"