எச்சில் கிண்ணமும் மாத இலக்கும்

பல் மருத்துவ நாற்காலியை ஒட்டி ஒரு சிறிய வெள்ளைக் கிண்ணம் இருக்கும். ஸ்பிட்டூன் என்பார்கள். நோயாளி வாய் கொப்பளித்துத் துப்புவது அதில்தான். துப்பியவுடன் தண்ணீர் சுழன்று வந்து கழுவிவிடும் என்றாலும், ஒவ்வொருவரும் எழுந்துபோன பிறகு யாராவது அதைக் கையால் துடைத்தாக வேண்டும். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு கார்ப்பரேட் பல் மருத்துவ நிறுவனத்தின் சென்னைக் கிளையொன்றில் 2 ஆண்டுகள் 4 மாதங்கள் வேலை பார்த்தேன். அந்தக் கிண்ணத்தை ஒரு மருத்துவர் துடைத்து நான் பார்த்ததில்லை. நானும் துடைத்ததில்லை.

பேஷ்வாக்களின் ஆட்சியில் பூனாவில் தீண்டப்படாதோர் கழுத்தில் மண்கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் பதிவு செய்திருக்கிறார். அவர்களுடைய எச்சில் தரையில் விழுந்து, தெரியாமல் மிதித்துவிடும் சாதி இந்துவுக்குத் தீட்டாகிவிடக் கூடாதாம். இன்னொரு பக்கம், கரூர் மாவட்டம் நெரூரில் சாப்பிட்டு முடித்த எச்சில் இலைகளின் மேல் மனிதர்கள் உருளும் வழக்கத்தை உயர் நீதிமன்றம் 2015இல் தடை செய்தது. 2024இல் ஒரு நீதிபதி அனுமதித்தார். 2025இல் இரு நீதிபதிகள் அமர்வு அந்த அனுமதியை ரத்து செய்தது. எச்சில் யாருடையது என்பதைப் பொறுத்து அது தீட்டாகவும் இருக்கும், புண்ணியமாகவும் இருக்கும். நாள் முழுக்க எச்சிலிலேயே கைவைத்துச் செய்யும் தொழில் ஒன்று இந்தச் சமூகத்தில் எப்படி மதிப்புள்ள தொழிலாக நடக்கிறது என்று கேட்டால், எச்சிலைத் தொடும் வேலையை மட்டும் தனியாகப் பிரித்துக் கீழே தள்ளிவிட்டுத்தான் நடக்கிறது. அதை நான் அங்கே பார்த்தேன்.

முதலில் நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் நான் முதல் பட்டதாரி. கவுன்சிலிங்கில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பிடிஎஸ் இடம் கிடைத்தது. சுயநிதிக் கல்லூரிகளில் சேரும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற 92ஆம் எண் அரசாணை 2012இல் வந்தது. அது இல்லையென்றால் நான் இரண்டாம் ஆண்டைத் தாண்டியிருக்க மாட்டேன். விடுதிக் கட்டணத்துக்கும் படிப்புக்கான கருவிகளுக்கும் அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போய்வந்தபடியே இருந்தது. ஐந்து ஆண்டுகள் முடிந்து வெளியே வந்தபோதுதான் இந்தப் படிப்பின் உண்மையான நிலவரம் புரிந்தது. நாட்டில் 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள். அரசுப் பணியிடங்களோ விரல் விட்டு எண்ணும்படி. மிச்சமிருக்கும் வழி சொந்தக் கிளினிக்.

சொந்தக் கிளினிக்குக்கு மதிப்பெண் போதாது. நாற்காலி, கம்ப்ரஸர், எக்ஸ்ரே, ஆட்டோகிளேவ், கடைக்கு அட்வான்ஸ் என்று லட்சங்கள் வேண்டும். என் வகுப்பில் கிளினிக் திறந்தவர்களை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஒருவருக்கு அப்பாவின் கட்டடம். ஒருவருக்குக் கல்யாணத்தில் பெண் வீட்டார் போட்டுக் கொடுத்தார்கள். இன்னொருவருக்குச் சாதிச் சங்கத்தின் கல்வி அறக்கட்டளை கைகொடுத்தது; திறப்பு விழாவுக்கு வந்த சங்கத்துக்காரர்களே முதல் நோயாளிகளும் ஆனார்கள். பணத்தையும் நோயாளியையும் சேர்த்தே கொடுப்பது சாதி. என் ஊரில் நான் கிளினிக் போட்டால் ஊர்த் தெருவிலிருந்து யார் வந்து என்னிடம் வாயைத் திறப்பார்கள் என்பது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

ஆகவே கார்ப்பரேட் நிறுவனம் எனக்கு ஒரு விடுதலையாகத்தான் தெரிந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. அங்கே முதல் கேட்கவில்லை. ஏசி அறை, சீருடை, மார்பில் ‘டாக்டர்’ என்று தொடங்கும் பெயர்ப் பட்டை. நிறுவனத்தை நம்பி வருபவர்கள் என் கையை நம்பித்தான் ஆக வேண்டும். தலித் பெண் ஒருத்தி சாதி இந்து ஆண்களின் வாய்க்குள் விரல் விட்டு வேலை செய்ய, அவர்கள் முடிந்ததும் நன்றி சொல்லிப் போவது சாதாரணக் காட்சியல்ல. நம் தோழர்கள் சிலர் கார்ப்பரேட் என்றதும் ஒரே வரியில் நிராகரிக்கிறார்கள். அந்த வரியில் என்னைப் போன்றவர்களின் அனுபவம் இல்லை.

ஆனால் கதவுக்குள் போகும்போதே விசாரணை தொடங்கிவிட்டது. நேர்முகத் தேர்வில் “கவுன்சிலிங் சீட்டா, மேனேஜ்மென்ட்டா?” என்றார்கள். கவுன்சிலிங் என்றதும் “எந்தக் கேட்டகிரி?” என்று அடுத்த கேள்வி. பல் பிடுங்க அது எதற்கு? தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை என்று நாம் பெருமைப்படுகிறோம், நியாயமான பெருமைதான். அதனால்தான் இங்கே ஊர், தெரு, அப்பாவின் தொழில், கட்டணச் சலுகை என்று சுற்றி வந்து தெரிந்துகொள்கிறார்கள். வேலை கிடைத்தது. அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிக்கொண்டார்கள். சம்பளம் 18,000 ரூபாய்.

காலை 9.15க்கு எல்லோரும் நின்றபடி ஒரு கூட்டம். நேற்று யார் எவ்வளவு பில் போட்டார்கள் என்று கிளினிக் மேனேஜர் வாசிப்பார். அவர் மருத்துவர் அல்ல. அதற்கு முன் ஒரு செல்போன் கடைத் தொடரில் இருந்தவர். மாத இலக்கு, அதில் எத்தனை சதவீதம் எட்டினோம், வந்த நோயாளிகளில் எத்தனை பேரைச் சிகிச்சைக்குச் சம்மதிக்க வைத்தோம். இதற்கு ‘கன்வெர்ஷன்’ என்று பெயர். மதம் மாறுபவர்களுக்கு எதிராகச் சட்டம் போடும் நாட்டில் இந்த மாற்றத்துக்கு மட்டும் ஊக்கத்தொகை உண்டு.

மாதக் கடைசியில் ஒரு நாள் கண்ணகி நகரிலிருந்து ஒரு பெண் வந்தார். ஐடி நிறுவனம் ஒன்றில் துப்புரவு வேலை. கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி. பிடுங்கிவிடுங்கள், 800 ரூபாய் வைத்திருக்கிறேன் என்றார். வேர் சிகிச்சை செய்து கேப் போட்டால் பல் நிலைக்கும் என்று சொன்னேன். அது பொய் இல்லை. பல்லைக் காப்பாற்ற முடிந்தால் காப்பாற்ற வேண்டும் என்றுதான் படித்திருக்கிறோம். ஏழைக்குப் பிடுங்கல், வசதியானவர்க்கு வேர் சிகிச்சை என்று பிரித்து வைத்திருப்பதே ஒரு அநீதிதான். நான் அங்கே நின்றிருந்தால் சரி. எக்ஸ்ரேயில் பக்கத்துப் பற்கள் இரண்டில் லேசான கருமை இருந்தது. ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்ற அளவு. என் இலக்கில் கொஞ்சம் குறைந்திருந்தது. அவற்றையும் அடைக்க வேண்டும் என்று எழுதினேன். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே போனால் இதெல்லாம் சொற்பச் செலவில் முடியும் என்ற ஒரு வாக்கியத்தை நான் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்பது உண்மை. மூன்றாம் நாள் பணம் கட்ட வந்தபோது அவர் காதில் கம்மல் இல்லை. ஈர்க்குச்சி செருகியிருந்தார். எனக்கு எதுவும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

இட ஒதுக்கீட்டின் பயனாகப் படித்த ஒருத்தியை அவளுடைய மக்களிடமே வசூல் செய்ய அனுப்புவதற்கு இந்த அமைப்புக்கு வன்மம் தேவையில்லை. 18,000 ரூபாய்ச் சம்பளமும், அதற்குமேல் கிடைக்கும் ஊக்கத்தொகையும், பெட்டியில் பூட்டிய சான்றிதழும் போதும். வாரம் ஒருநாள் வரும் கன்சல்டன்ட் ஒருவர், மேனேஜ்மென்ட் இடத்தில் எம்டிஎஸ் முடித்தவர், சாப்பாட்டு நேரத்தில் “கோட்டாவுல வந்தவங்க கையில பல்லைக் குடுக்க முடியுமா?” என்று சிரிப்பார். அவருடைய இம்ப்ளாண்ட் நோயாளிகளுக்குப் பின்னால் வரும் சிக்கல்களைச் சரிசெய்துகொண்டிருந்தது நான். வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை.

எனக்குக் கீழே இருந்தவர்களின் கதை வேறு. நாற்காலிக்கு அருகில் நிற்கும் உதவியாளர்களை நோயாளிகள் ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுவார்கள். நர்ஸ் படிப்பு அல்ல, பெரும்பாலும் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த பெண்கள். வேலையில் சேர்ந்த பிறகு கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்வது. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் மருத்துவரையும் பல் சுகாதாரப் பணியாளரையும் டென்டல் மெக்கானிக்கையும் வரையறுத்தது. நாற்காலி ஓரத்தில் நிற்கும் இந்தப் பெண்ணை அது கணக்கில் எடுக்கவில்லை. ரத்தமும் எச்சிலும் ஒட்டிய கருவிகளைக் கழுவித் தேய்த்து ஆட்டோகிளேவில் 121 டிகிரி சூட்டில் வைத்து எடுப்பவர் அவர். அவருக்கும் கீழே ஒப்பந்த நிறுவனம் அனுப்பிய அக்கா ஒருவர். தரை, கழிப்பறை, குப்பை, அந்த வெள்ளைக் கிண்ணம். எங்களுக்குப் பீங்கான் கப்பில் டீ. அக்காவுக்குப் பேப்பர் கப். யாரும் விதி எழுதி ஒட்டவில்லை. கிராமத்து டீக்கடையில் இரட்டைக் குவளையை எதிர்த்துப் போராடியவர்களின் பேத்தியான நானும் அந்தப் பீங்கான் கப்பில் பல மாதங்கள் குடித்தேன். அக்கா ஒருநாள் என் ஊரைக் கேட்டார். சொன்னேன். தெருவைக் கேட்கவில்லை. அதன் பிறகு ஆளில்லாத நேரத்தில் மட்டும் “பாப்பா” என்று கூப்பிட்டார்.

தகுதி, திறமை மட்டும் பார்க்கும் இடம் தனியார் துறை என்பவர்களுக்கு ஒரு செய்தி. சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் ஒத்த தகுதியுள்ள விண்ணப்பங்களில் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைவு என்பது 2007இலேயே வெளிவந்துவிட்டது. அது கதவைப் பற்றிய ஆய்வு. கதவுக்கு உள்ளே யார் எந்த வேலையில் நிறுத்தப்படுகிறார்கள் என்ற கணக்கை எந்தக் கார்ப்பரேட் மருத்துவ நிறுவனமும் நமக்குக் காட்டுவதில்லை.

இது ஊழியர்களின் பிரச்சினை மட்டுமல்ல. 2023இல் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களில் 8 பேர் மூளைத் தொற்றில் இறந்ததை 2025இல் வெளியான ஆய்வு விளக்கியது. சலைன் பாட்டிலைச் சுத்தமற்ற கருவியால் திறந்ததும், மிச்சத்தைத் திரும்பப் பயன்படுத்தியதும் காரணமாகச் சொல்லப்பட்டன. அது கார்ப்பரேட் கிளையல்ல. ஆனால் எந்தப் பல் மருத்துவமனையிலும் பாட்டிலையும் கருவியையும் கையாளும் கைகள், பெரும்பாலும், பயிற்சியும் குரலும் மறுக்கப்பட்ட கைகள்தான். “டாக்டர், இது சரியில்லை” என்று சொல்லும் துணிவு அவருக்கு இல்லையென்றால் அந்த நாற்காலியில் படுக்கும் எல்லாச் சாதி வாய்க்கும் ஆபத்து.

தனியார் துறையில் இட ஒதுக்கீடு வேண்டும் என்ற கோரிக்கையை நாம் ஐடி நிறுவனங்களை மனத்தில் வைத்தே பேசிவருகிறோம். மருத்துவத் தொடர் நிறுவனங்களையும் அதில் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. பதிவுச் சான்று கொடுக்கும்போது கட்டடத்தையும் கருவியையும் பார்ப்பதோடு, ஒப்பந்த ஊழியர் உட்பட எல்லோருக்கும் தடுப்பூசி போடப்பட்டதா, உதவியாளர்களுக்குப் பயிற்சியும் குறைந்தபட்ச ஊதியமும் உண்டா, அசல் சான்றிதழ்கள் பிணையாக வைக்கப்பட்டுள்ளனவா என்றும் அரசு கேட்கட்டும். இதற்குப் புதிய தத்துவம் ஒன்றும் தேவையில்லை.

தடுப்பூசி என்று சொல்லக் காரணம் உண்டு. ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தவணை. மருத்துவர்கள் கல்லூரியிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தோம். உதவியாளர்களிடம் சொந்தச் செலவில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். சிலர் முதல் தவணையோடு நிறுத்தினார்கள். அக்காவை யாரும் பட்டியலிலேயே எழுதவில்லை. ஒருநாள் மாலை, அவசரத்தில் நான் மூடாமல் தட்டில் விட்ட ஊசி குப்பைப் பையோடு போய் அக்காவின் உள்ளங்கையில் ஏறியது. குழாயடியில் கையைக் காட்டியபடி, “ஒண்ணுமில்ல பாப்பா, யாருகிட்டயும் சொல்லாத, என்னய நிறுத்திருவாங்க” என்றார். மேனேஜரிடம் சொன்னேன். ஒப்பந்த ஆளுக்கு நம் பதிவேட்டில் எழுத வழியில்லை என்றார். மறுநாள் என் காசில் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். அப்போதைக்கு ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள். அடுத்த வாரமே ஒப்பந்த நிறுவனம் அவரை வேறு ஏதோ கட்டடத்துக்கு மாற்றிவிட்டது. அவரிடம் இருந்த செல்போன் எண் அணைத்தே கிடந்தது.