மணம் வேறு, தூய்மை வேறு

நோயாளி ஒருவர் மருத்துவமனையிலிருந்து இல்லம் திரும்புகிறார் என்றதும் குடும்பத்தார் வீட்டைக் கழுவித் துடைக்கின்றனர்; சாம்பிராணி போடுகின்றனர்; ஊதுவத்தி ஏற்றுகின்றனர். சிலர் கடையில் விற்கும் நறுமணத் தெளிப்பானையும் வாங்கி வைக்கின்றனர். இவை அனைத்தும் அன்பினால் செய்யப்படுபவை. ஆயினும் நோயுற்றவர் வாழும் இல்லத்தில் நறுமணத்தையும் தூய்மையையும் ஒன்றெனக் கொள்வது பிழை என்பதும், சில வேளைகளில் அது தீங்காகவே முடியும் என்பதும் என் கருத்து. தூய்மையான அறைக்குத் தனியே ஒரு மணம் தேவையில்லை. தூய்மையற்ற அறைக்கோ எந்த மணமும் மருந்தாகாது.

நம் மூக்கைப் பற்றிய ஓர் உண்மையை இங்கு முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். ஒரே வாசனையைத் தொடர்ந்து நுகர்ந்துகொண்டிருந்தால், சில நிமிடங்களிலேயே மூக்கு அதற்குப் பழகிவிடுகிறது. அறையிலேயே இருப்பவர்க்கு அங்குள்ள வாடை தெரிவதில்லை. தெளிப்பானின் மணமும் அவ்வாறே மறைந்துவிட்டதாகத் தோன்றுகிறது. எனவே மீண்டும் தெளிக்கின்றனர்; மீண்டும் ஒரு வத்தி ஏற்றுகின்றனர். இதனால் அறையில் வாடை குறைவதில்லை. அதன்மேல் வேதிப்பொருளும் புகையும் ஏறுகின்றன. அறையின் உண்மை நிலையை அறிய விரும்புவோர் சற்று நேரம் வெளியே நின்றுவிட்டு மீண்டும் உள்ளே வர வேண்டும். உள்ளே வந்தவுடன் தெரிவதே அறையின் மெய்யான வாடை.

புகை யாருக்கு நல்லது?

சாம்பிராணியும் ஊதுவத்தியும் நம் வழிபாட்டோடு கலந்தவை. அவற்றின்மீது எனக்குப் பகையில்லை. ஆனால் எரியும் பொருள் எதுவாயினும் அதிலிருந்து எழும் புகையில் நுண்துகள்கள் உண்டு. அவை மூச்சுக் குழாய்களின் ஆழம்வரை செல்லக்கூடியவை. ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதயநோய் உள்ளவர்களுக்கு இப்புகை இருமலையும் மூச்சுத்திணறலையும் தூண்டும். கொசுவத்திச் சுருளை ஆராய்ந்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் முழுவதும் எரியும்போது வெளிப்படும் நுண்துகள்களின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்கு ஒப்பாகும் என மதிப்பிட்டது. மூடிய அறையில் இரவு முழுவதும் ஒரு சுருள் எரிவதன் பொருளை இதிலிருந்து உணரலாம். நோயாளியின் கட்டிலுக்குக் கொசுவலையும் சன்னலுக்குக் கம்பிவலையும் இதனினும் நல்ல காவல்.

குளிப்பாட்டிய கைக்குழந்தையின் தலைமுடியைச் சாம்பிராணிப் புகையில் உலர்த்தும் வழக்கம் நம்மிடையே உண்டு. வளர்ந்துவரும் சிறு நுரையீரலுக்கு அது ஏற்றதன்று. மென்மையான பருத்தித் துண்டே போதும். துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டையும் அத்தகையதே. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதிலிருந்து வரும் ஆவியால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சட்காமாலை உண்டாகலாம். அந்துருண்டையோடு வைத்திருந்த துணியைத் துவைத்து வெயிலில் உலர்த்தாமல் குழந்தைக்கு அணிவித்தல் கூடாது.

இல்லத்தில் ஆக்சிஜன் உருளையோ செறிவூட்டும் கருவியோ பயன்படுத்துவோர்க்கு இது இன்னும் முக்கியமானது. ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் எரிவதை மிக விரைவுபடுத்தும். அந்த அறையில் ஊதுவத்தி, கற்பூரம், மெழுகுவத்தி, விளக்கு, சிகரெட் எதுவும் இருத்தல் ஆகாது. இதில் விதிவிலக்கே இல்லை.

வழிபாட்டில் ஊதுவத்தி ஏற்ற விரும்புவோர், நோயாளி இல்லாத வேறோர் அறையில், சன்னலைத் திறந்துவைத்து, ஒன்றை மட்டும் ஏற்றலாம். பூசையின் நிறைவுக்குப் புகையின் அளவு அளவுகோலாகாது.

மணமே துன்பமாகும் வேளை

பழந்தமிழில் 'நாற்றம்' என்னும் சொல் நறுமணத்தையும் குறித்தது. இன்று அது தீய வாடையை மட்டுமே குறிக்கிறது. புற்றுநோய்க்கு வேதி சிகிச்சை பெறுவோரிடம் இதுபோன்ற ஒரு மாற்றம் சில நாட்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது. நேற்றுவரை விரும்பிய மல்லிகையும், காப்பியும், வெங்காயம் தாளிக்கும் மணமும் இன்று குமட்டலை உண்டாக்குகின்றன. இது அவர்தம் பிடிவாதம் அன்று, சிகிச்சையின் விளைவு. இத்தகையோர் இருக்கும் இல்லத்தில் தாளிக்கும்போது அடுக்களைக் கதவைச் சாத்தி, புகைபோக்கி விசிறியை இயக்குவது நலம். ஆவி பறக்கும் உணவைவிட ஆறிய உணவில் மணம் குறைவு. மோர்சாதம், இட்லி போன்றவற்றை ஆறவைத்துக் கொடுத்தால் சிலர் உண்பர். பார்க்க வருவோர் வாசனைத் திரவியம் பூசாமல் வருதலும் ஓர் உதவியே.

மூலத்தை நீக்குதல்

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் செவிலியம் குறித்து எழுதிய நூலில், நோயாளி சுவாசிக்கும் காற்று தூயதாக இருத்தலையே முதற்கடமையாக வைத்தார். புகைமூட்டுவதை நம்பியிருப்பதை அவர் ஏற்கவில்லை. வாடைக்குக் காரணமான பொருளையே அப்புறப்படுத்த வேண்டும் என்பது அவர் நிலை. அந்நூல் வெளிவந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இதைவிடச் சிறந்த அறிவுரை கிடைக்கவில்லை.

முதலாவது காற்று. காலையும் மாலையும் எதிரெதிர்ச் சன்னல்களையோ கதவுகளையோ திறந்துவைத்தால் அறைக்காற்று விரைவில் மாறும். ஒரே சன்னல் உள்ள சிறு வீடாயின், மின்விசிறியைச் சன்னலை நோக்கி வைத்து உள்காற்றை வெளியேற்றலாம். இல்லங்களில் பொதுவாகப் பொருத்தப்படும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொணர்வதில்லை. அறைக்காற்றையே குளிர்வித்துச் சுழற்றுகிறது. ஆகவே ஏசி இயங்கும் அறையையும் நாள்தோறும் திறந்துவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஈரத்துணிகளை நோயாளியின் அறையில் உலர்த்தினால் சுவரில் பூஞ்சை படர்ந்து முடைநாற்றம் எழும். மூச்சுநோய் உள்ளவர்க்கு அப்பூஞ்சையும் கேடு.

இரண்டாவது படுக்கை. சிறுநீரில் உள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. நனைந்த சிறிது நேரத்தில் மாற்றிய துணியில் அக்காரம் இராது. மணிக்கணக்கில் கிடந்த துணியில் இருக்கும். மெத்தைமேல் ரெக்சின் அல்லது ரப்பர் விரிப்பும், அதன்மேல் பருத்தித் துணியும் இட்டால் மெத்தை காப்பாற்றப்படும். மெத்தை நனைந்துவிட்டால் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, சோப்பு நீரால் துடைத்து, நன்கு உலர்த்திய பின் ஆப்பசோடாவைத் தூவிச் சில மணி நேரம் கழித்துத் தட்டிவிடலாம். வெயில் கிடைக்கும் நாளில் வெயிலே சிறந்தது. இரத்தக்கறை படிந்த துணியை முதலில் குளிர்ந்த நீரில் அலச வேண்டும்; வெந்நீர் கறையை உறையச் செய்யும். அழுக்குத் துணியை இரவு முழுவதும் வாளியில் ஊறவைப்பதே பல வீடுகளில் வாடையின் ஊற்றுக்கண். பயன்படுத்திய டயப்பரைத் தாளில் சுற்றி, மூடியுள்ள தொட்டியில் இட்டு, அன்றன்றே அகற்ற வேண்டும். சிறுநீர்ப் பையைச் சிறுநீர்ப்பையின் மட்டத்திற்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிட்டு, முழுவதும் நிறையும்வரை காத்திராமல் காலிசெய்ய வேண்டும்.

மூன்றாவது உடல். படுக்கையில் இருப்பவரின் வாயை நாளுக்கு இருமுறையேனும் தூய்மை செய்தல் அவசியம். பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவி நீரில் இட வேண்டும். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ் உள்ள மடிப்புகளைத் துடைத்தபின் ஈரம் நீங்க ஒற்ற வேண்டும். ஈரத்தின்மேல் முகப்பவுடரை அப்பினால் அது கட்டியாகித் தோலை உரசும்.

நான்காவது தரை. முதலில் அழுக்கைத் துடைத்தெடுத்து, சோப்பு நீரால் கழுவி, அதன்பின்னரே கிருமிநாசினி. அழுக்கின்மேல் ஃபினாயிலை ஊற்றினால் நெடி ஏறுமேயன்றிக் கிருமி முறையாக அழியாது. குப்பியில் குறித்த அளவுக்கு மேல் ஊற்றுவதால் பயன் கூடுவதுமில்லை. பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் ஒருபோதும் கலக்கலாகாது. கலந்தால் குளோரின் வாயு எழுந்து நுரையீரலைப் புண்ணாக்கும். சிறுநீரின்மேல் நேரடியாகப் பிளீச்சிங் நீரை ஊற்றுவதும் எரிச்சலூட்டும் வாயுவை உண்டாக்கும். கழிவறையைக் கழுவும்போது கதவு திறந்திருக்கட்டும். நோயாளி அருகில் இருக்க வேண்டாம்.

வாடை ஒரு செய்தி

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்னும் கடுநெடிப் பொருளை அதில் சேர்க்கின்றனர். அந்தத் தீய வாடையே நம் உயிரைக் காக்கிறது. முதுமையில் மோப்பத்திறன் குறைவதால், முதியோர் தனித்திருக்கும் வீட்டில் இளையோரின் மூக்கும் அவ்வப்போது தேவைப்படுகிறது.

நோயுற்ற உடலின் வாடையும் அவ்வாறே சில செய்திகளைச் சொல்கிறது. சர்க்கரைநோயாளியின் காற்புண்ணிலிருந்து எழும் துர்வாடை, தொற்று ஆழமாகப் பரவுவதன் அறிகுறியாகலாம். அவர்தம் மூச்சில் பழுத்த பழம் போன்ற வாசம் வீசி, வாந்தியும் சோர்வும் இருந்தால் அது உடனடிச் சிகிச்சை வேண்டும் நிலை. சிறுநீரின் வாடை மாறி, காய்ச்சலோ எரிச்சலோ குழப்பமோ சேர்ந்தால் சிறுநீர்த்தொற்றாக இருக்கலாம். நெடுநாள் படுத்திருப்பவரிடமிருந்து புதிதாக வாடை வந்தால் முதுகின் அடிப்பகுதியையும் இடுப்பையும் குதிகாலையும் பார்க்க வேண்டும், படுக்கைப்புண் தொடங்கியிருக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது அப்புண்ணைத் தடுக்கும். இவ்வாடைகளை மணத்தால் மறைப்பது, மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தியை மறைப்பதாகும்.

புற்றுப்புண்ணிலிருந்து வரும் வாடையும் தாங்கியே தீரவேண்டிய ஒன்றன்று. அதைக் குறைக்க மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகளும் கரிப்பொடி கலந்த கட்டுத்துணிகளும் உள்ளன. எதை, எவ்வாறு பயன்படுத்துவது என்பதை மருத்துவரிடமோ வலிதணிப்புப் பிரிவுச் செவிலியரிடமோ தயங்காமல் கேளுங்கள். இதைக் கேட்பதில் வெட்கத்திற்கு இடமில்லை.

நோயாளியின் மானம்

இவ்வளவையும் சொன்னபின், இதனினும் பெரிய ஒன்று எஞ்சியிருக்கிறது. நோயாளிகள் பலர் தம் உடலின் வாடையை வலியைவிடப் பெரிதாக அஞ்சுகின்றனர். உறவினர் வந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கின்றனர். பேரக்குழந்தையை அருகில் அழைக்கத் தயங்குகின்றனர். படுக்கை நனைந்துவிடுமோ என்றெண்ணித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வோரும் உண்டு. நீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து வாடை கூடும். மலச்சிக்கலும் தொற்றும் எளிதாகும். இதய, சிறுநீரக நோய்க்காக மருத்துவர் அளவு குறித்துக் கொடுத்தோரைத் தவிர மற்றவர் வழக்கம்போல் நீர் அருந்த வேண்டும்.

நோயாளி காணும்படி மூக்கைப் பொத்துவதும், அவர் கட்டிலைச் சுற்றித் தெளிப்பானை அடிப்பதும் சொல்லாமலே அவரைக் காயப்படுத்தும் செயல்கள். வெளியார் வரப்போகிறார்கள் என்று அவசரமாக மணமூட்டுவதைவிட, ஒருவரும் வராத நாளிலும் துணியை மாற்றி முகம் துடைத்துவிடுவதே மரியாதை. கேட்கும் முறையும் உண்டு. "துணி மாத்திக்கலாமா அப்பா, வசதியா இருக்கும்" என்பது ஒரு முறை. "என்ன நாத்தம் இது" என்பது மற்றொன்று. இரண்டாவதைக் கேட்டவர் அடுத்தமுறை நனைந்தாலும் சொல்லமாட்டார்.

இப்பணி பெரும்பாலான இல்லங்களில் ஒரே பெண்ணின் தோளில் விழுகிறது. மனைவியோ மகளோ மருமகளோ ஒருவரே துணி துவைத்து, மலக்கலம் எடுத்து, தரை துடைத்து, "வீடு வாடை அடிக்கிறதே" என்ற சொல்லையும் ஏற்கிறார். வாடையைக் குறைகூறும் உரிமை, வாளியைத் தூக்கும் கைக்கே உண்டு என்பேன். வீட்டு ஆண்கள் ஒருவேளைப் பணியையேனும் தமதாக்கிக்கொண்டால், தெளிப்பானுக்குச் செலவிடும் பணமும் மிஞ்சும். பராமரிப்பவரின் உடலும் தேறும்.

நாளைக் காலை சன்னலைத் திறந்து, நோயாளியின் விரிப்பை எடுத்து உதறி, கட்டிலின் அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.