ஞானஸ்நானம் பெற்றோம், ஞானம் பெற்றோமா?

நம் கிறிஸ்தவத் தமிழில் ஞானம் என்ற சொல்லுக்குப் பஞ்சமே கிடையாது. ஞானஸ்நானம், ஞானத்தகப்பன், ஞானத்தாய், ஞானோபதேசம், ஞான ஒடுக்கம். பிள்ளைக்குப் பெயர் வைத்தாலும் ஞானப்பிரகாசம். இத்தனை ஞானமும் சேர்ந்து நம்மை ஞானிகளாக்கியிருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். கோபிக்க வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

இன்று நாம் யாரை ஞானி என்கிறோம்? அதிகாரமும் வசனமும் எண் பிசகாமல் ஒப்பிப்பவரை. ஒலிபெருக்கி வைத்து மூன்று மணி நேரம் பிரசங்கிப்பவரை. பெயருக்குப் பின்னால் நாலு பட்டம் போட்டுக்கொள்பவரை. இவை ஞாபகசக்தி, பேச்சுவன்மை, படிப்பு. நல்ல காரியங்கள்தான். ஆனால் ஞானம் வேறு.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஞானியைக் குறிக்க அந்த மொழியில் 'சாஜ்' என்று ஒரு சொல் உண்டு. சேட்டை செய்யும் பிள்ளையிடம் தாய் 'சுவா சாஜ்' என்பாள். ஒழுங்காக இரு என்று பொருள். பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிக்கு 'சாஜ் ஃபாம்' என்று பெயர். ஞானத்தை நடத்தையோடும், ஆபத்தில் இருக்கும் உயிரைக் காக்கிற கையோடும் சேர்த்து வைத்திருக்கிறது அந்த மொழி.

வேதாகமமும் அப்படித்தான். சாலமோன் அரசர் கேட்டது ஜனங்களின் வழக்கைக் கேட்டு நன்மை தீமை பகுத்தறியும் மனது. அதற்குப் பின் அவர் முன் வந்த வழக்கு எது? ஒரு குழந்தைக்காக அடித்துக்கொண்ட இரண்டு விலைமாதர்களின் வழக்கு. அவர் ஞானம் விளங்கியது அங்கேதான். அர்ச். யாகப்பரும் தம் நிருபத்தில், மேலிருந்து வரும் ஞானம் இரக்கமுள்ளது, பட்சபாதம் இல்லாதது என்கிறார். பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல ஆசனமும் ஏழைக்குக் கால்மாட்டில் இடமும் கொடுக்கிற சபையை அதே நிருபத்தில்தான் கண்டிக்கிறார்.

இனி நம் கதைக்கு வருவோம். 1745 அக்டோபரில் புதுச்சேரி சம்பா கோயிலில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவர் கிறிஸ்தவர் அல்ல, வெளியிலிருந்து பார்த்தவர். கோயிலுக்குள்ளே ஒரு சுவர். ஒரு பக்கம் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள், மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள். ஒதுக்கப்பட்டவர்கள் பெரிய சாமியாரிடம் போய், நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, ஆண்டவர் முன் எல்லாரும் சமம் என்றால் இந்தச் சுவர் எதற்கு என்று முறையிட்டார்கள். சாமியார் அது நியாயம் என்று கண்டு சுவரை இடிக்கச் செய்தார். மறுபக்கத்தார் கொதித்துப் போனார்கள்.

அந்தச் சுவரைக் காத்தவர்கள் செல்வாக்கும் பழக்கவழக்கமும் தெரிந்தவர்கள். கேள்வி கேட்டவர்களோ சமூகத்தில் கடைசி இடத்தில் வைக்கப்பட்டவர்கள். ஞானம் எந்தப் பக்கம் இருந்தது? நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் ஆவூருக்கு இதில் என்ன சம்பந்தம் என்பீர்கள். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் பூஷே சுவாமியார் சிற்றாலயம் எழுப்பிய ஊர் இது. இப்போதைய பெரிய கோயில் 1747ல் கட்டியது. சம்பா கோயில் சுவர் விழுந்து இரண்டே வருஷம். வீரமாமுனிவர் பணிசெய்த ஊர் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். சதுரகராதி கண்ட அந்த மகா பண்டிதர்தான் பரமார்த்த குரு கதையையும் எழுதினார். அதை துபுவா சாமியார் பிரெஞ்சில் பெயர்த்து 1826ல் பாரிசில் அச்சிட்டார். ஆற்றைக் கடந்த சீடர்கள் தலை எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் ஒவ்வொருவனும் தன்னை எண்ண மறந்துவிடுகிறான். சிரித்துவிட்டுப் போய்விட்டோம். பாவிகளைக் கணக்கெடுக்கும்போது நாமும் அப்படித்தானே எண்ணுகிறோம்?

"அது பழைய காலம்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவே எழுப்பிய சுவர் நம் காலத்துச் செய்தி. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி மூண்ட கலவரம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து இரண்டு பேர் மாண்டார்கள். இரு தரப்பும் கத்தோலிக்கர். இரு தரப்புக்கும் அதே ஞானஸ்நானம், அதே ஞானோபதேசம்.

பெரியவர்கள் சிலர் சொல்லும் சமாதானம் எனக்குத் தெரியும். "அவசரப்படுவது விவேகமல்ல. வழக்கத்தைத் தொட்டால் சபை உடையும். முன்னோர்கள் தெரியாமலா செய்தார்கள்?" இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. சமாதானம் ஞானத்தின் கனிதான். ஆனால் நன்மையை எப்படிச் செய்வது என்று வழி காட்டுவதுதான் விவேகம். நன்மையைத் தள்ளிப்போட அதைச் சாக்காக்கக் கூடாது. ஒருவன் வாயை மூடிக்கொண்டிருப்பதால் கிடைக்கும் அமைதிக்குச் சமாதானம் என்று பெயர் வைக்கக் கூடாது. அரசாங்க உத்தியோகத்தில் இந்த வித்தையை நிறையப் பார்த்தவன் நான். விதி எண்ணையெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்த ஒரு மேலாளர், ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதியக் கோப்பை விதியைக் காட்டியே மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தார். நாலு எழுத்து மட்டும் தெரிந்த கடைநிலை ஊழியர் ஒருவர்தான் அந்த அம்மாளோடு கருவூலம் வரை அலைந்து, விட்டுப்போன சான்றிதழை வாங்கி வந்து சேர்த்தார். மேலாளரைத்தான் அலுவலகமே அறிவாளி என்றது.

உறுதிபூசுதலில் பெறும் பரிசுத்த ஆவியின் ஏழு வரங்களில் முதல் வரம் ஞானம் என்று சிறுவயதில் மனப்பாடம் செய்தோம். அந்த வரம் வந்து சேர்ந்ததா என்று பார்க்க வசனப் போட்டி நடத்த வேண்டியதில்லை. அடுத்த பாஸ்காவுக்கு உங்கள் ஊர்த் தேர் எந்தத் தெருவரை போகிறது, எந்தத் தெருமுனையில் திரும்புகிறது என்று பாருங்கள். வடத்தில் யார் கை இருக்கிறது, யார் கை இல்லை என்று பாருங்கள். கல்லறையில் குழி தோண்ட இடம் கேட்டால் முதலில் என்ன விசாரிக்கிறார்கள் என்று காதைக் கொடுங்கள். இவற்றைப் பார்த்த பிறகும் பேசாமல் வீடு திரும்புகிறவர் எத்தனை வசனம் அறிந்தவராயினும், அவரை நான் ஞானி என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.